சிறுநீரகம் கெட்டால் இருதயம் தாங்காது



"அவருக்குக் கிட்னியிலதான் கோளாறுன்னு சொன்னாங்க. கடைசியிலே மாரடைப்புல போயிட்டாரே!" துக்க வீடுகளில் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். டாக்டர் நோயை மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்த இரண்டு நோயும் கூட்டாளிகள். ஒன்று வந்தால் மற்றொன்றையும் கையோடு அழைத்து வரும்.

நாம் எல்லாரும் அறிந்த ஒருவரைச் சொல்கிறோம். நீரிழிவு நோய் இருந்த எம்.ஜி.ஆருக்கு 1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதடைந்தது. தொடர்ந்து இலேசான மாரடைப்பும் பக்கவாதமும் வந்தன. நியூயார்க்கில், அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். 1985 பிப்ரவரியில் சென்னை திரும்பினார். 1987 டிசம்பர் 24-ம் நாள் மாரடைப்பால் மறைந்தார்.

எப்படி இந்தத் தொடர்பு?

இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. சிறுநீரகம் பழுதானால் என்ன ஆகும்?

1. உப்பும் நீரும் வெளியேறாமல் உடம்பில் தங்கும். இரத்தக் கொதிப்பு ஏறும். கால் வீங்கும். இருதயம் அதிகப் பாரம் இழுத்து, தடித்துத் தளர்ந்து போகும்.

2. இரத்தம் ஊறச் செய்யும் ஒரு சுரப்பைத் தருவது சிறுநீரகமே. அது குறைந்தால் சோகை வரும். குறைந்த இரத்தத்தை வைத்து இருதயம் கூடுதலாக ஓட வேண்டும்.

3. சுண்ணாம்புச் சத்து இரத்தக் குழாய்களில் படிந்து அவற்றை இறுக்கும்.

4. பொட்டாசியம் என்னும் உப்பு மிஞ்சினால் இருதயத் துடிப்பு தடுமாறித் திடீரென்று நின்றும் போகலாம்.

அதனால்தான் சிறுநீரக நோயாளிகளில் பலர், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வரைக்கும் போகாமலே இருதய நோயில் இறக்கிறார்கள்.

நமக்கு ஏன் அதிக ஆபத்து?

2019-ம் ஆண்டு சுகாதார அமைச்சின் ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர்! இந்நாட்டில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணம் இந்த இனிப்பு நீர்தான். அடுத்தது இரத்தக் கொதிப்பு.

ஒரு தவறான பேச்சு

"இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டாத்தான் கிட்னி கெட்டுப் போகுது" என்று சொல்லி, மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இது உயிரைக் குடிக்கும் பேச்சு. சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத இனிப்பு நீரும் கொதிப்பும். மாத்திரை அதற்குக் காவல். ஆனால் செம்பனைக் குலை வெட்டிய உடம்பு வலிக்கு, டாக்டரைக் கேளாமல் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் வோல்டரென், பொன்ஸ்தான் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பெயர் தெரியாத ஜாமு மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும்.

செய்ய வேண்டியவை

சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லே" என்று சொல்ல நம்மால் முடியாது. சோதனைதான் சொல்ல வேண்டும். இனிப்பு நீரோ கொதிப்போ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது மூத்திரத்தில் புரதம் போகிறதா என்றும், இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலேயே இதைச் செய்துகொள்ளலாம். மூத்திரம் நுரைத்துப் போவது, காலையில் முகம் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள்.

கருவாடு, ஊறுகாய், மேகி மீ, கீச்சாப் ஆகியவற்றைக் குறையுங்கள். டின் பால் போட்ட தேத்தண்ணியையும் சிகரெட்டையும் விடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் பெலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது. அதில் உள்ள நச்சு மூளையைத் தாக்கி உயிரையும் எடுத்துவிடும். அவர்களுக்கு இளநீரும் ஆகாது, பொட்டாசியம் அதிகம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்க வேண்டும்.

முற்றிப் போனால், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து குளுவாங்குக்கோ சிகாமட்டுக்கோ போய்வரும் நேரம் தனி. அந்த நாள்களின் சம்பளத்துக்கு எங்கே போவது? சொக்சோ சந்தாதாரர்களில் தகுதி பெறுவோருக்கு இரத்தச் சுத்திகரிப்புக்கு உதவி உண்டு. பாரங்களை எப்படிப் பூர்த்தி செய்வது என்று கிளைச் செயலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வீட்டுக்காரர் போகத் தயங்கினால், தாய்மார்களே, நீங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். போன இடத்தில் நீங்களும் சோதித்துக்கொள்ள மறக்காதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!