கரையின் மறுபக்கம்

கால்வாய்க் கரையைச் சோதிக்கப் போகும் அனுபவசாலி, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கச் சரிவில் இறங்குவார். காய்ந்து கிடக்க வேண்டிய அந்த அடிவாரத்தில் கோரை செழித்து நின்றால் உள்ளே கசிவு இருக்கிறது. கசியும் நீர் தெளிவாக வந்தால் கொஞ்சம் ஆறுதல். கலங்கலாக வந்தால், கரையின் வயிற்றிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே உருவாகும் அந்தப் பொந்து மெல்ல மெல்ல நீண்டு கால்வாயைத் தொட்டுவிட்டால், இருநூறு ஆண்டு நின்ற கரை சில நிமிடங்களில் அறுந்துபோகும்.

கசிவை அளக்கும் கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. 'வி' வடிவில் வெட்டிய ஒரு தகட்டை ஓட்டத்தின் குறுக்கே நடுகிறார்கள். வெட்டின் வழியே வழியும் நீரின் உயரத்தை மட்டும் ஒரு அளவுகோலால் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிவிடும். மழையில்லாத வாரத்திலும் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பொறியாளருக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது.

நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கால்வாய்களைப் பற்றி. ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் 'கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை பராமரித்துவருகிறது. நிலக்கரி கொண்டுபோக 1761-ல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைத் தொடர்ந்து, இவற்றில் பெரும்பாலானவை தொழிற்புரட்சிக் காலத்தில் மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் வெட்டப்பட்டவை. அடியில் சிமென்ட் இல்லை. களிமண்ணைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, மிதித்து, அடுக்கடுக்காக அப்பியிருக்கிறார்கள். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் பரவலாக்கிய உத்தி அது. ஈரமாக இருக்கும்வரை அந்தக் களிமண் நீரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் பழுதுபார்க்கக் கால்வாயை நெடுநாள் வற்றவைப்பதே புதுப் பழுதுக்கு வழிவகுக்கும்.

இந்த வலையமைப்பில் 1,500-க்கும் மேற்பட்ட லாக்குகள் உண்டு. படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் அடைப்புத் தொட்டிகள் அவை. ஒடுக்கமான ஒரு லாக்கை ஒரு முறை இயக்கினாலே ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் கீழே இறங்கிவிடும். கதவுகள் ஓக் மரம். சுமார் 25 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். இவை போக நூற்றுக்கணக்கான தொட்டிப் பாலங்கள், மலையைக் குடைந்த சுரங்கங்கள், நீர்த்தேக்கங்கள், கால்வாய்க்கு அடியில் ஓடைகளைக் கடத்திவிடும் கல்வெர்ட்கள். கண்ணில் படாத இந்தக் கல்வெர்ட்கள்தான் என் பார்வையில் மிக ஆபத்தானவை. கேமரா பொருத்திய சிறு வண்டியை உள்ளே அனுப்பினால்தான் ஒரு செங்கல் விழுந்ததுகூடத் தெரியும்.

ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஏ முதல் இ வரை ஐந்து தரங்களில் ஒன்று தரப்படுகிறது. ஏ என்றால் மிக நன்று. இ என்றால் மிக மோசம். கரையோரம் நடந்து பார்ப்பவர்கள் அடிக்கடி குறிப்பெடுக்கிறார்கள். பொறியாளரின் விரிவான ஆய்வு நீண்ட இடைவெளிகளில் நடக்கிறது. டி, இ தரங்களில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண் அரசுக்கும் போகிறது.

ஆனால் சதவீதம் முழுக்கதையைச் சொல்லாது. ஒரு வயல்வெளிப் பாலம் டி தரத்தில் இருப்பதும், ஊருக்கு மேலே நிற்கும் அணை டி தரத்தில் இருப்பதும் ஒன்றா? ஆகவே, உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு மதிப்பெண் தனியாக வைக்கிறார்கள். நிலையையும் விளைவையும் சேர்த்துப் பார்த்துத்தான் எதை முதலில் பழுதுபார்ப்பது என்று முடிவெடுக்க முடியும். அப்போதும் மனிதக் கை குறுக்கிடும். 2018 மார்ச்சில் மிடில்விச் அருகே ஒரு லாக்கின் ஷட்டர்கள் திறந்தே விடப்பட்டதால், மேலிருந்து வந்த நீர் கரையைத் தாண்டி வழிந்து கரையையே அடித்துச் சென்றது.

2019 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது இதைவிடப் பெரியது. டெர்பிஷயரில் வேலி பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு மேலே டாட்புரூக் நீர்த்தேக்கம் இருக்கிறது. பீக் ஃபாரஸ்ட் கால்வாய்க்கு நீர் தர 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மண் அணை. பெருமழையில், மிகைநீரை வெளியேற்றும் அதன் உதவிக் கலிங்கின் கான்கிரீட் தளம் உடைந்து, அடியிலிருந்த மண் அரித்துப்போனது. சுமார் 1,500 பேர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஜல்லி மூட்டைகளைக் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டது. இரவு பகலாக நீரை இறைத்து மட்டத்தைக் குறைத்தார்கள். அணை நின்றது. பேராசிரியர் டேவிட் பால்ம்ஃபோர்த் அரசுக்கு அளித்த அறிக்கை, கலிங்கின் வடிவமைப்பே சரியில்லை, விட்டுவிட்டு நடந்த பராமரிப்பு அதை மோசமாக்கியது என்றது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், உடைந்த கலிங்கு 1970 வாக்கில் சேர்த்தது. அணையில் மிகப் பழைய பகுதி அல்ல அது.

இத்தனை பாடும் யாருக்காக?

இந்தக் கேள்விக்கு பிரிட்டன் ஒருமுறை தவறான விடை சொல்லியிருக்கிறது. 1968-ல் வந்த போக்குவரத்துச் சட்டம் கால்வாய்களை மூன்றாகப் பிரித்தது: சரக்குக்கு உதவுபவை, உல்லாசப் படகுக்கு உதவுபவை, மிச்சம். படகு போனால்தான் பயன் என்பது அன்றைய அளவுகோல். 'மிச்ச'த்துக்கு இயன்றவரை குறைந்த செலவே செய்யப்பட்டது. கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் கிடந்தது. தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் சேறு வாரி, லாக்குகளைக் கட்டியெழுப்பி மீட்டார்கள். 29 லாக்குகள் படிக்கட்டாக ஏறும் கேன் ஹில்லில் 1990-ல் ராணி எலிசபெத் அதை மீண்டும் திறந்துவைத்தார். அந்தத் தன்னார்வலர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மதிப்பில்லை என்று அரசு எழுதிவைத்ததை அவர்கள் ஏற்கவில்லை.

இன்று பயன் வேறு இடங்களில் இருக்கிறது. குதிரைகள் படகிழுத்த கரைப்பாதையில் மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். 90 லட்சம் பேர் இந்த நீர்வழிகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழ்கிறார்கள். பிரிஸ்டல் நகரின் குடிநீரில் ஏறத்தாழ பாதி ஒரு கால்வாயிலிருந்து எடுக்கப்படுகிறது. லண்டன் ரீஜென்ட்ஸ் கால்வாயின் கரைப்பாதைக்கு அடியில் 400 கிலோவோல்ட் மின்கேபிள்கள் ஓடுகின்றன; அவற்றைக் குளிர்விப்பது கால்வாய் நீர். மேலே நடப்பவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது.

டிக்கெட் இல்லாத இடத்தில் பயனை எப்படிப் பணமாக்குவது? முதலில் பாதையோரக் கருவிகளும் கணக்கெடுப்புகளும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லும். பிறகு, அந்த நடையால் எவ்வளவு நோய் குறையும், அதனால் அரசு மருத்துவச் சேவைக்கு எவ்வளவு மிச்சம் என்று கணிப்பார்கள். மனநிறைவுக்கும் ஒரு வழி உண்டு. வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று 0 முதல் 10 வரை மக்களிடம் கேட்பது. ஒருவரின் விடை ஓராண்டுக்கு ஒரு புள்ளி உயர்ந்தால் 13,000 பவுண்டு என்று பிரிட்டன் நிதியமைச்சகம் 2021-ல் வழிகாட்டியது. இந்த மாதிரிக் கணக்குகளில் ஓர் ஓட்டை எப்போதும் இருக்கும். கால்வாய் இல்லாவிட்டால் அதே ஆள் பூங்காவில் நடந்திருப்பாரே? அந்தப் பங்கைக் கழிக்காத தொகை ஊதிப்போன தொகைதான்.

2022-ல் அறக்கட்டளை வெளியிட்ட மதிப்பீடு, சமூகப் பயன் ஆண்டுக்கு 460 கோடி பவுண்டு என்கிறது. அதில் 110 கோடி மருத்துவச் செலவு மிச்சம். பாதியைத் தள்ளிவிட்டாலும் தொகை பெரியது. அரசு தரும் மானியமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு. 2027-க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு 40.1 கோடி, அதுவும் ஆண்டுதோறும் 5 சதவீதம் குறைந்துகொண்டே போகும் என்று 2023-ல் அறிவித்தார்கள். மிச்சமாகும் பணம் மருத்துவத் துறையின் கணக்கில் சேர்கிறது. மானியம் சுற்றுச்சூழல் துறையின் கையிலிருந்து போகிறது. தன் கையிலிருந்து போவதைக் குறைப்பது எந்தத் துறைக்கும் எளிது.

எனக்குள்ள குறை இன்னொன்று. நடப்பவரை எண்ணும் அந்தக் கணக்கில், அணைக்குக் கீழே வீடுகட்டி வாழ்பவருக்கு இடமே இல்லை. உடையாத கரை ஆண்டுதோறும் தரும் பயனை யாரும் பவுண்டில் எழுதுவதில்லை. டி, இ தரக் கட்டுமானங்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதன் கீழே எத்தனை வீடுகள் என்ற எண்ணையும் அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மானியத்தைப் பற்றிய விவாதம் அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.