வாத்தியார் வேலையிலிருந்து அதிபர் பதவிக்கு: ஜூலியஸ் நைரேரே

கிழக்கு ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள புட்டியாமா என்ற சிற்றூரில் 1922 ஏப்ரல் 13 அன்று ஜூலியஸ் நைரேரே பிறந்தார். தந்தை, சனாக்கி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர்களில் ஒருவர். ஏறத்தாழ 12 வயதில்தான் சிறுவன் பள்ளிப் படியேறினான். தபோரா அரசுப் பள்ளியிலும் உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியிலும் படித்து ஆசிரியர் பயிற்சி பெற்றவர், தபோராவிலேயே கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தத் தொடங்கினார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து 1952இல் எம்.ஏ. பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

அவருடைய நாடான தங்கனீக்கா முதல் உலகப்போர்வரை ஜெர்மனியின் காலனி. அதன்பின் அனைத்துலக மேற்பார்வையில் பிரிட்டன் ஆண்டது. அன்றைய தலைநகர் டார் எஸ் சலாமை அடுத்த புகுவில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, 1954 ஜூலை 7 அன்று 'தானு' என்ற கட்சியை நைரேரே தொடங்கினார். மறுஆண்டு நியூயார்க் சென்று ஐ.நா. அறங்காவலர் மன்றத்தின்முன் விடுதலை கோரினார். பள்ளியா, கட்சியா என்று முடிவுசெய்ய வேண்டிய நிலை அந்த ஆண்டே வந்தது. சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய நாட்டில் பரவலாகப் புரிந்த சுவாகிலியில் பேசினார். 1961 டிசம்பர் 9 அன்று, போர் ஏதுமின்றித் தங்கனீக்கா விடுதலை பெற்றது.

விடுதலை கிடைத்த சில வாரங்களிலேயே அவர் பிரதமர் பதவியிலிருந்து விலகி, கட்சியைக் கிராமங்களில் கட்டப் போனார். 1962 டிசம்பரில் அதிபராகத் திரும்பினார். இந்தக் காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை வியக்கத்தக்கது: ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாகிலியில் மொழிபெயர்த்து 1963இல் வெளியிட்டார். பின்னர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தையும் பெயர்த்தார். நாட்டை ஆள்பவரே மொழிக்கும் உழைத்தது, தொடக்கப் பள்ளியிலும் அரசு அலுவலிலும் சுவாகிலி வேரூன்றப் பெரிதும் உதவியது. மக்கள் அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தார்கள்.

1964இல் சான்சிபார் தீவுகள் இணைந்து நாடு தான்சானியா ஆனது. 1967 பிப்ரவரியில், நைரேரேயின் சோசலிசக் கொள்கையை அறிவித்த அரூஷா அறிக்கை வந்தது. வங்கிகள் அரசுடைமையாயின. கட்சித் தலைவர்கள் இரண்டு சம்பளம் வாங்கக்கூடாது, வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்ற விதியும் வந்தது. அடுத்த மாதமே கல்வி பற்றித் தனிக் கொள்கை ஒன்றை எழுதினார். காலனிப் பள்ளி, சிலரை மட்டும் எழுத்தராக்கி மேலே அனுப்பிவிட்டு மற்றவர்களைத் தோற்றவர்களாக வீட்டுக்கு அனுப்புகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுவதால், அந்தப் படிப்பே வாழ்க்கைக்கு முழுமையாக உதவ வேண்டும். பள்ளிதோறும் வயல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அதில் உழ வேண்டும் என்றார். முதியோர் எழுத்தறிவு இயக்கம் நாடெங்கும் நடந்தது. 1970களில் தொடக்கக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றானது. அவருடைய வாழ்நாள் சாதனை இதுவே.

ஆனால், சொன்னதைக் கேட்காத மாணவனைக் கண்டிக்கும் வாத்தியாரின் கையும் ஆட்சியில் தெரிந்தது. சிதறி வாழ்ந்த உழவர்களைக் கூட்டுறவுக் கிராமங்களில் குடியேற்றும் 'உஜமா' திட்டம் விருப்பத்தின்பேரில் தொடங்கியது. 1973க்குப் பிறகு அது கட்டாயமாகி, பல இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். பழைய வீடுகள் பல இடங்களில் எரிக்கப்பட்டன. விளைச்சல் சரிந்து உணவு தானியத்தை இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஒரே கட்சி ஆட்சியும் விசாரணையற்ற சிறைவைப்பும் அவர் காலத்தின் மறுக்க முடியாத கறைகள்.

1979இல் அவருடைய படை உகாண்டாவில் இடி அமீனின் கொடுங்கோலாட்சியை வீழ்த்தியது. அந்தப் போர்ச்செலவு, ஏற்கெனவே நலிந்திருந்த பொருளாதாரத்தை மேலும் அழுத்தியது. 1985இல் தாமாகவே அதிபர் பதவியை விட்டிறங்கினார். அக்கால ஆப்பிரிக்காவில் அது அரிது. இந்திய அரசு 1995இல் நிறுவிய காந்தி அமைதிப் பரிசு முதன்முதலில் அவருக்கே வழங்கப்பட்டது. புருண்டி உள்நாட்டுப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருந்தபோது, 1999 அக்டோபர் 14 அன்று லண்டன் மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.