வாய்க்கால் நீரும் நீர் நாயும்



வில்கமுவப் பகுதியின் பயிர்ச்செய்கை மகாவலி கங்கையையும், மினிப்பே அணைக்கட்டிலிருந்து வரும் இடதுகரைக் கால்வாயையும், சிறு குளங்களையும் ஓடைகளையும் நம்பியுள்ளது. இந்நீரை நம்பி வாழும் வேறோர் உயிரும் உண்டு. அதுவே நீர் நாய். இரவில் நடமாடுவதால் அதனைக் கண்டவர் சிலரே. கண்டவருட் பலர் அதனை மீன் திருடும் பிராணியென்று வெறுப்பர். அவ்வெண்ணம் எத்துணை சரியானதென்பதை இங்கு ஆராய்வோம்.

நீர் நாயின் இயல்பு

இலங்கையில் வாழும் நீர் நாய் ஒரே இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் வாழ்வதும் இவ்வினமே. நீண்ட உடல், குறுகிய கால்கள், தடித்து நுனியிற் சிறுத்த வால், கபில நிற மயிர் என்பன இதன் அடையாளங்கள். கீரியென்று இதனை மயங்குவோர் உளர். ஆயின், நீர் நாயின் விரல்களுக்கிடையே தாராவின் காலிலுள்ளது போன்ற சவ்வு உண்டு. நீரில் மூழ்கும்போது இது காதுகளையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொள்ளும். கரையோர மரவேர்களுக்கிடையேயுள்ள பொந்துகளிற் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். குட்டிகள் ஏறக்குறைய ஓராண்டு காலம் தாயுடனேயே திரியும். ஆதலால், ஒரு தாய் இறப்பின் அதன் குட்டிகளும் இறத்தல் கூடும்.

மீனே இதன் பிரதான உணவு. அதனோடு நண்டு, தவளை முதலியவற்றையும் உண்ணும். நண்டு வரம்பிலே வளை தோண்டி, கட்டிய நீரை இரவோடிரவாக வடியச் செய்வதை நீங்கள் அறிவீர்கள். நீர் நாய் உங்கள் வயல் நண்டுகள் யாவற்றையும் ஒழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. எனினும், வாய்க்காலிலும் ஓடையிலும் நண்டு பெருகாது தடுக்கும் இயற்கைக் காவலருள் அதுவும் ஒன்றாகும்.

ஆராய்ச்சியாளர் அறியும் முறை

இரவில் திரியும் பிராணியை நேரிற் கண்டு எண்ணுதல் அரிது. ஆகவே, ஆராய்ச்சியாளர் அதன் எச்சத்தைத் தேடுவர். நீர் நாய் தன் எல்லையை அறிவித்தற்பொருட்டு, நீரோரப் பாறைகளிலும் பாலத்தின் அடியிலும் எச்சமிடும். அதில் மீன் செதில், முள், நண்டின் ஓடு என்பன காணப்படும். இவற்றைப் பிரித்துப் பார்த்து, அது எதனை உண்டது என்பதை அறிவர். இலங்கையில் 1990களில் பி. கே. டி சில்வா நீர் நாயின் உணவு பற்றி ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

இங்கிலாந்து கற்ற பாடம்

இங்கிலாந்தில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தானிய விதைகளுக்கு அல்ட்ரின், டீல்ட்ரின் என்னும் நஞ்சுகள் பூசப்பட்டன. இவை எளிதிற் சிதையாதவை. மழைநீரோடு ஆற்றை அடைந்து, சிறு மீனிலிருந்து பெருமீனுக்கும், பெருமீனிலிருந்து நீர் நாய்க்கும் சென்று, அதன் கொழுப்பிற் சேர்ந்தன. 1977 முதல் 1979 வரை அந்நாட்டில் ஆராயப்பட்ட இடங்களில் 100க்கு ஏறக்குறைய 6 இடங்களிலேயே நீர் நாயின் அடையாளம் காணப்பட்டது. அந்நஞ்சுகள் 1962 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு, பின்னர் விலக்கப்பட்டன, ஆறுகளும் தூய்மையடைந்தன. அதன் பயனாக, 2009-2010இல் நடந்த ஆய்வில் 100க்கு ஏறக்குறைய 59 இடங்களில் அதன் அடையாளம் தென்பட்டது. அழிந்ததை மீட்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது என்பதைக் கவனிக்குக.

இன்று நாம் விசிறும் நாசினிகளுட் பல விரைவிற் சிதைவனவே. எனினும், நீரிற் கலந்தவுடன் மீனையும் நண்டையும் கொல்லக்கூடியன அவற்றுள் உண்டு. இரை அழிந்தால் நீர் நாய் பட்டினியால் மடியும் அல்லது அவ்விடத்தை விட்டு நீங்கும். அதே நீரிலேதான் கீழ்க் கண்டத்துக் கமக்காரர் குளிக்கின்றனர்; அவர்தம் மாடுகளும் அதனையே குடிக்கின்றன. ஆகவே, நீர் நாயைக் காக்கும் முறைகள் நம்மையும் காப்பனவாகும்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. நாசினியை வாய்க்காலுக்கு அப்பால் வைத்துக் கலக்குக. தெளிகருவியை ஓடையிற் கழுவற்க. வெற்றுப் போத்தல்களை நீரில் எறியற்க.

2. நெல்லுக்கு நாசினி விசிறியபின், சிட்டையிற் குறித்த நாட்கள் கழியும்வரை வயல் நீரை வெளியே விடாதீர்கள். மழை வருமெனத் தோன்றினால் விசிறுதலை ஒத்திப்போடுக.

3. மரக்கறித் தோட்டத்தை நீரின் விளிம்புவரை கொத்தாதீர்கள். கரையோரத்திற் புல்லும் புதரும் மருத மரமும் நிற்க விடுங்கள். அவற்றின் வேர்கள் கரை அரிப்பைத் தடுக்கும். பொந்துகள் நீர் நாய்க்கு உறைவிடமாகும். கோடையில் அவற்றுக்குத் தீயிடுதலும் தகாது.

4. நஞ்சிட்டோ வெடிவைத்தோ மீன் பிடித்தல் சட்டவிரோதமானது. குளத்தில் வலையைக் கவனிப்பாரின்றி விட்டுவைக்காதீர்கள். நீர் நாய் காற்றைச் சுவாசிப்பது. வலையிற் சிக்கினால் மூச்சடைத்து இறந்துவிடும்.

5. மீன் வளர்ப்போர் குளத்தைச் சுற்றிக் கம்பி வலை வேலி அமைத்தல் நன்று. நீர் நாய் நிலத்தைத் தோண்டி நுழையுமாதலால், வேலியின் அடியை மண்ணுட் புதைத்தல் வேண்டும். நட்டம் நேரினும் நஞ்சு வைத்தலாகாது. அந்நஞ்சு உங்கள் நாயையும் கோழியையும் கொல்லும்.

நீர் நாய் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனைக் கொல்லுதலும் பிடித்தலும் குற்றமாகும். தனித்த குட்டியைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டு செல்லாது விலகி நில்லுங்கள். தாய் அண்மையில் இருத்தல் கூடும். காயமுற்ற விலங்கைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மைய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். எச்சத்தையோ காலடியையோ கண்ட இடத்தையும் திகதியையும் குறித்து அவ்வலுவலகத்துக்குக் கொடுத்தால், அது ஆராய்ச்சிக்குப் பயன்படும்.

நாசினியை அளவறிந்து பயன்படுத்தும் முறைபற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக. வாய்க்காலோரப் பாறையில் நீர் நாயின் எச்சம் தொடர்ந்து காணப்படின், அவ்வாய்க்காலில் மீனும் நண்டும் இன்னும் உயிர் வாழ்கின்றன என்று கொள்ளலாம். முன்பு இருந்த எச்சம் மறைந்துபோனால், அதன் காரணத்தைத் தாமதியாது விசாரித்தல் உங்கள் நலனுக்கே உகந்தது.