முன்பக்கம் வேப்பிலை, பின்பக்கம் பொடியெழுத்து

வெள்ளிக்கிழமை. ஆட்டுச் சந்தைக்கு வந்த கூட்டத்தில் செஞ்சிக் கடைவீதி நெருக்கியடிக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் எனக்கு முன்னால் வல்லத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கு நலங்கு மாவுச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். பச்சைப்பயறு அரைக் கிலோ, பூலாங்கிழங்கு 50 கிராம், கோரைக்கிழங்கு 50, கார்போக அரிசி 25, காய்ந்த ஆவாரம்பூ ஒரு பிடி, ரோஜா மொட்டு, வெட்டிவேர். ஒவ்வொன்றையும் பழைய தினத்தாளில் கொட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தார் கடைக்காரர். கூட வந்த மகள் செல்போனிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள்: “ஆர்கானிக்காங்க இது?”

“காட்டுல தானா மொளச்சதும்மா. எவன் உரம் போட்டான்?”

அவர் சொன்னது பாதி சரி. கோரைக்கிழங்குக்கும் ஆவாரம்பூவுக்கும் யாரும் மருந்து அடிப்பதில்லை. பயறும் ரோஜாவும் அப்படியல்ல, வயலில் மருந்து குடித்தே வளர்ந்திருக்கலாம். ‘இயற்கை’ என்றால் பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில். ‘ஆர்கானிக்’ என்றால் எப்படி விளைந்தது என்பதற்குப் பதில். நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா, கூட வேறு என்ன கலந்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு இரண்டிலுமே பதில் கிடையாது. எருக்கம்பால் இயற்கைதான். வண்ணார்கள் துணிக்குக் குறி போட்ட சேராங்கொட்டையும் இயற்கைதான், அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? சோப்பு, க்ரீம், ஷாம்பு எல்லாம் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்கும், அதன்கீழ் 2020இல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. ‘நேச்சுரல்’ என்று போட இத்தனை சதவீதம் இயற்கைப் பொருள் இருக்கவேண்டும் என்ற அளவுகோல் அவற்றில் இல்லை. 2001 முதல் நடக்கும் தேசிய இயற்கை விளைபொருள் திட்டமும் அதன் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையும் வயலில் விளைவதற்கானவை. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, சான்று வாங்கலாம், முகக்களிம்புக்கு அது பொருந்தாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டும் ‘பசுமைப் பூச்சு’ விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இயற்கை, ஆர்கானிக் என்று உரிமை கொண்டாடினால் சான்றோ ஆதாரமோ காட்டவேண்டும் என்கிறது அது. நல்ல விஷயம்தான். ஆனால் கடைத்தெருவில் நிற்பவருக்கு அதைவிடச் சீக்கிரம் உதவுவது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ‘காஸ்மாஸ்’ முத்திரையைச் சில விலையுயர்ந்த பாட்டில்களில் பார்க்கலாம். கறாரான தரம்தான். ஆனால் கழுவி விடும் பொருள்களுக்கு, மொத்த எடையில் 10 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தாலே அதில் சான்று கிடைத்துவிடும். ஏமாற்று வேலை இல்லை. ஷாம்பு என்பது பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரை யாரும் பயிரிடுவதில்லை. காசு கொடுக்குமுன் இது தெரிந்திருந்தால் நல்லது.

அந்தக் கடையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பச்சை சோப்பு இருந்தது. உறையில் வேப்பிலைக் கொத்து, பனித்துளியோடு. திருப்பினேன். முதல் பெயர் சோடியம் பாமேட், அதாவது பாமாயிலைச் சோப்பாக்கியது. அப்புறம் தண்ணீர், டால்க், வாசனை. கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் வேம்பு எட்டிப் பார்த்தது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை எடை குறையும் வரிசையில் எழுதவேண்டும், 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைக் கடைசியில் எப்படியும் எழுதலாம் என்பது விதி. வால்பகுதியில் இருந்தால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். முடிவில் ‘சி.ஐ. 74260’ என்று ஓர் எண். பித்தலோசயனின் பச்சை என்னும் செயற்கை நிறமி அது. சோப்பின் பச்சைக்கு வேப்பிலை காரணமில்லை.

அதற்காக அந்த சோப்பு கெட்டது என்று சொல்லமாட்டேன். குளிக்க அது போதும். வேம்புக்கென்று கூடுதலாகக் கேட்ட பதினைந்து ரூபாய்தான் உறுத்துகிறது.

‘கெமிக்கலே இல்லாத சோப்பு’ என்று விற்பவர்களிடம் எனக்கு இதைவிடக் கோபம் அதிகம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால்தான் சோப்பு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், நம்மூர் மல்லாட்டை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். காய்ச்சாமல் வார்க்கும் முறையில் வெட்டிய கட்டிகளை நான்கிலிருந்து ஆறு வாரம் காயவிடவேண்டும். சரியாகச் செய்தால் கட்டியில் காரம் மிஞ்சாது, எண்ணெயிலிருந்து பிரிந்த கிளிசரின் தங்கும், தோல் வறளாது. கணக்குத் தப்பினால் மிஞ்சிய காரம் தோலை அரிக்கும். கையால் செய்தது என்பதால் மென்மையாகிவிடாது. தராசு சரியாக இருந்ததா என்பதுதான் விஷயம். 1969இல் சென்னையில் ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன், தோல் நோயோடு வந்த ரயில்வே தொழிலாளர்களுக்காக மூலிகை சேர்த்துத் தயாரித்த மெடிமிக்ஸ் இந்த வழியில் வந்த சோப்புதான்.

சோப்பு உறையில் இன்னொன்றையும் தேடுங்கள்: டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்பின் அளவு. முதல் தர குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. ‘பேதிங் பார்’ என்று அச்சிட்டிருந்தால் 40 இருந்தாலும் போதும். மூலிகைப் படம் போட்ட சில கட்டிகள் உண்மையில் பேதிங் பார்தான். எந்த சோப்பானாலும் காரத்தன்மை பி.எச். கணக்கில் 9, 10 அளவில் நிற்கும். தோலோ இயல்பிலேயே லேசான புளிப்பு, 5 அளவு. பயற்றம் மாவும் சீயக்காயும் இந்த இடத்தில் சோப்பைவிட மேல். சீயக்காய்த் தண்ணீரும் புளிப்புப் பக்கம்தான், அதிலுள்ள சபோனின் அழுக்கை எடுக்கும். செஞ்சிக் குன்றுகளில் முளைக்கும் துரிஞ்சி மரத்தின் இலையைத்தான் மேற்கு மாவட்டங்களில் அரப்பு என்று தலைக்குத் தேய்க்கிறார்கள். பக்கத்துக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்ததும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனிக் கம்பெனி தொடங்கியதும் வியாபாரப் பாடமாகிவிட்ட கதை. அந்த ஷாம்பு பாக்கெட் சரம் பெட்டிக்கடையில் தொங்கத் தொடங்கியதும் துரிஞ்சி இலை பறிக்க யார் போவார்?

வீட்டு வைத்தியமும் தப்பு செய்யும். பள்ளி நாட்களில் முகம் பளிச்சென்று ஆகவேண்டுமென்று எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு மல்லாட்டை பறிக்கும் இடத்துக்குப் போனேன். இரண்டு நாளில் சாறு வழிந்த தடம் தடமாகக் கன்னத்தில் பழுப்புக் கோடு. மறைய மாதங்கள் ஆயின. எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலும் அரிக்கும், அதை வடித்துக் கழுவியபின்தான் சோற்றை எடுக்கவேண்டும். அந்தச் சோறு பிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். ஆகவே ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று எழுதிய கற்றாழை ஜெல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் உள்ள எதற்கும் காப்புப்பொருள் வேண்டும், இல்லையென்றால் கிருமி வளரும்.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் விற்கும் கோன் மருதாணி பத்து நிமிஷத்தில் கருகருவென்று பிடித்தால் அது இலை இல்லை. மருதாணி ஆரஞ்சில் தொடங்கிச் செங்கல் நிறத்துக்குப் போகும், கறுப்பாகாது. கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. அது சிலருக்குக் கையையே கொப்பளிக்கச் செய்யும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரிலும் அதன் உறவுக்கிழங்குகள் புழங்குகின்றன. அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறியிருக்கும், கற்பூரம் போல மணக்கும், சமையல் மஞ்சள் போல விரலில் ஒட்டாது.

இவையெல்லாம் தோலோடு போகும். சிவப்பழகு க்ரீம் சிறுநீரகம் வரை போய்விடும். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே உட்பிரிவு. அவர்களில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம். தோலில் நிறம் உருவாவதையே அது தடுப்பதால் ஒன்றிரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும், நிறுத்தினால் கறுக்கும், மறுபடி வாங்கத் தோன்றும். கேரள அரசு 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை நடத்தியது. அதே உட்பிரிவு நோயைப் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளோடு தொடர்புபடுத்தி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022இல் எழுதியிருந்தார்கள். மூலிகை என்ற பெயர் பாதரசத்தை வெளியே நிறுத்தாது.

எனவே நான் வாங்கும்போது முதலில் பார்ப்பது முகவரி. தயாரித்தவர் பெயரும் ஊரும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதி நாளும் இல்லாத டப்பாவை யார் சிபாரிசு செய்தாலும் தொடமாட்டேன். வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் விற்கும் தெரிந்தவர் வீட்டு சோப்புக்கும் இதே விதிதான், விற்பனைக்கு என்றால் உரிமம் வேண்டும். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது.

அந்த அம்மா பொட்டலங்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார். கடைக்காரர் பின்னாலேயே குரல் கொடுத்தார்:

“எம்மா, மில்லுல முன்னால மொளகா அரச்சானான்னு கேட்டுக்க. அரச்சிருந்தா ஒரு படி அரிசி போட்டு ஓட்டச் சொல்லிட்டு அப்பறம் இத்தக் குடு. இல்லன்னா புள்ள மூஞ்சி எரிஞ்சிரும்!”