கடை வண்டிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம்

கடன் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் தனிப்பக்கம் போடுகிறவர்கள் நாம். ஆனால் கடை வண்டிக்கு மட்டும் போடுவதில்லை. மெக்கானிக் கூலி, உதிரி பாகம், பஞ்சர், பேட்டரி எல்லாம் 'கடைச் செலவு' என்ற ஒரே தலைப்பில் கரைந்துவிடுகின்றன. இந்தப் பழக்கத்தால் நான்கு ஆண்டுகள் நாங்கள் பட்டது மற்ற வணிக நண்பர்களுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

எங்கள் மளிகைக் கடை உசிலம்பட்டியில். சரக்கு எடுப்பது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, மதுரை கீழமாசி வீதியில். 2019 ஜனவரியில் 2008-ஆம் வருட மாடல் டீசல் எஸ்டேட் கார் ஒன்றை ரூ.1,40,000 கொடுத்து வாங்கினோம். பின் சீட்டை மடக்கினால் சிப்பம் அடுக்கலாம். நிமிர்த்தினால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகலாம். ஒரே வண்டியில் இரண்டு வேலை என்ற கணக்கு.

டாடா, மாருதி, ஸ்கோடா, ஃபியட் எல்லாமே வெவ்வேறு காலத்தில் இவ்வகைக் கார்களை நம் நாட்டில் விற்றுப் பார்த்து, போதிய விற்பனை இல்லாமல் நிறுத்தியவைதான். இஞ்சின் சாமான்கள் சாதாரண மாடலுக்கும் பொது என்பதால் கிடைத்துவிடும். பின்கதவுக் கண்ணாடி போன்றவற்றுக்குப் பழைய வண்டி உடைக்கும் கடைகளில்தான் தேட வேண்டும். இதை வாங்கிய பிறகே தெரிந்துகொண்டோம்.

முதல் வருடத்திலேயே இன்ஜெக்டரும் பம்பும் ரூ.28,000 கேட்டன. அடுத்து கிளட்ச், ரூ.11,500. கிளட்ச் போனதில் எங்கள் தவறும் உண்டு. ஐந்து பேர் ஏறும் காருக்கு உரிய பாரம், ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோதான். இடம் இருக்கிறதே என்று 25 கிலோ அரிசிச் சிப்பம் பதினாறு ஏற்றிய நாட்கள் உண்டு.

பிறகு சூடு. கீழமாசி வீதி நெரிசலில் நின்று நின்று வரும்போது முள் சிவப்புக்கு ஏறும்; நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கினால் இறங்கிவிடும். முதலில் ஹோஸ் மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டர். "இனிமேல் பிரச்சினையே வராது அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். 2021 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சர்க்கரையும் மைதாவும் எண்ணெயுமாக வந்த வண்டி செக்கானூரணியில் நீராவி விட்டு நின்றது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மறுநாள் மதியம்தான் சரக்கு கடைக்கு வந்தது. அந்த ஒன்றரை நாளில் பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கைக் குடும்பங்களில் சில இன்றுவரை திரும்பவில்லை.

ஹெட்டைக் கழற்றிய வேறொரு மெக்கானிக்தான் மூல காரணத்தைக் கண்டுபிடித்தார். ரேடியேட்டர் மின்விசிறியை ஓடவைக்கும் ரிலே அவ்வப்போது வேலை செய்யவில்லை. சில நூறு ரூபாய்ப் பொருள். நெரிசலில் மட்டும் சூடேறினால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இது தெரியாததால் கேஸ்கெட்டுக்கும் ஹெட் வேலைக்கும் ரூ.24,000 போயிற்று.

2023-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்தது. அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆகியிருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டினோம். மேலே சொன்ன மூன்றும் ரூ.63,500. பேட்டரி, ஸ்டார்ட்டர் ரூ.9,500. ஹோஸ், ரேடியேட்டர் வகையில் ரூ.13,000. வண்டி நின்ற நாட்களில் கட்டி இழுத்ததும் வாடகை வண்டி பிடித்ததும் ரூ.41,400. ஆக ரூ.1,27,400. வண்டியை ரூ.45,000-க்குத் தள்ளிவிட்டோம். வாங்கிய விலையில் குறைந்த ரூ.95,000-ஐயும் சேர்த்தால் ரூ.2,22,400.

வாரம் ஒரு நடை வீதம் நான்கு ஆண்டில் சுமார் 200 நடை. ஒரு நடைக்கு ரூ.1,112. டீசலும் இன்சூரன்சும் சேர்த்தால், குட்டியானைக்கு நாங்கள் கொடுத்துவந்த ரூ.1,800 வாடகையை ஒட்டி வந்துவிட்டது. சொந்த வண்டியால் மிச்சம் ஒன்றும் இல்லை. தீபாவளியில் போன வாடிக்கை இந்தக் கணக்கில் சேரவில்லை.

முதல் வருட முடிவிலேயே விற்றிருந்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் வந்திருக்கும். "இவ்வளவு செலவு செய்துவிட்டோமே, இனி ஓடும்" என்ற எண்ணம்தான் எங்களைத் தடுத்தது. பழைய பாக்கி வரும் என்று நம்பி, பாக்கிக்காரருக்கே மேலும் சரக்கு கொடுப்பது போன்றதுதான் இது.

பழைய டீசல் வண்டியே கூடாது என்பதில்லை. வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடாக்கி வைத்த இஞ்சினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. இஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் எப்போது மாற்றியது என்று ரசீதுடன் கேளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வாங்கிய அன்றே பேரேட்டில் ஒரு பக்கம் போடுங்கள். நாங்கள் இப்போது வைத்திருக்கும் விதிகள் இரண்டு. ஒரே கோளாறு இரண்டாம் முறை வந்தால் வேறு மெக்கானிக்கிடம் காட்டுவது. ஒரு வருட ரிப்பேர் செலவு, வண்டியை விற்றால் வரும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விற்றுவிடுவது.

இன்று பக்கத்துக் கடைக்காரர் இருவரோடு சேர்ந்து, வாரம் ஒருமுறை குட்டியானை பிடித்து வாடகையை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். சரக்கு சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது.