விபத்து நடந்தால் முதலாளிமார் செய்ய வேண்டியவை

புறக்கோட்டையில் சரக்கெடுக்கப் போன நமது கடைப் பையன் மீது ஒரு வாகனம் மோதிவிடுகிறது. நாம் ஓடிப்போய் சாரதியுடன் வாக்குவாதப்பட்டு, அவர் நீட்டும் சில ஆயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவிலும் கட்டணமில்லை. அடுத்து 119 மூலம் பொலிஸுக்கு அறிவியுங்கள். வாகன இலக்கத்தையும் கண்டவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி வாகனங்களுக்குக் கட்டாயம். மோதுண்டவரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் நட்டஈடு கிடைப்பதற்காகவே அது இருக்கிறது. ஆனால் பொலிஸ் முறைப்பாடும் வைத்திய அறிக்கையும் இல்லாமல் அதைப் பெறுவது கடினம். மோதிய வாகனம் தப்பியோடிவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கோரலாம். சிவில் வழக்குத் தொடர இரண்டு வருட அவகாசமே உண்டு.

இன்னொன்று. கடை அலுவலாகச் சென்ற ஊழியர் காயப்பட்டால், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி முதலாளியும் பொறுப்புச் சொல்ல வேண்டிவரும். ஆகவே முறைப்பாட்டின் பிரதியைக் கடைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.