தோளில் ஏறும் சைக்கிள்: புதியவர் முதலில் எதில் செலவிட வேண்டும்?

மனிதனைச் சைக்கிள் சுமப்பதுதான் வழக்கம். சைக்கிளை மனிதன் தோளில் சுமந்துகொண்டு சேற்று மேட்டில் ஓடும் பந்தயமும் ஒன்று உண்டு. ஆண்டிறுதி மாதங்களில் விளையாட்டு ஒளிவழிகளைத் திருப்புகிறவர்கள், பெல்ஜியத்திலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வரும் அந்தக் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். முகமெல்லாம் சேறு, பலகைத் தடுப்புகளைத் தாண்டிக் குதிக்கும் கால்கள், கயிற்றுக்கு அப்பால் மணியடித்து உற்சாகப்படுத்தும் கூட்டம். இதுவே சைக்ளோகிராஸ்.

பார்த்தவுடன், இது பயிற்சி பெற்ற வீரர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் வரும். உண்மை வேறு. சைக்கிள் பந்தயங்களில் புதியவர் அச்சமின்றிக் கால் வைக்கக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று. போட்டி மூடிய திடலில் நடப்பதால் கார், லாரி பயம் இல்லை. மண்ணும் புல்லும் வேகத்தைக் குறைத்துவிடுவதால், விழுந்தாலும் தார்ச் சாலையில் விழுவது போன்ற அடி பெரும்பாலும் படுவதில்லை. பிரிட்டனில் வட்டார அளவில் நடக்கும் போட்டிகளில் சிறுவர், பெண்கள், நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

அப்படியிருந்தும் ஆர்வத்தோடு வருகிறவர்களில் சிலர் ஒரே பருவத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். காரணம் கால் பலம் அன்று. சேமிப்பையெல்லாம் கொட்டி விலையுயர்ந்த சைக்கிள் வாங்குகிறார்கள். முதல் போட்டியில் கடைசி வரிசையில் முடிக்கிறார்கள். பணமும் போயிற்று, மானமும் போயிற்று என்று வண்டியை விற்றுவிடுகிறார்கள். இந்த நிலை வராமலிருக்க, எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பந்தயத்தின் பிறப்பும் விதிகளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் உருவான விளையாட்டு இது. குளிர்காலத்தில் உடல் பலத்தைக் காத்துக்கொள்ளச் சாலை வீரர்கள் வயல்வெளியிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டினார்கள். இறங்கி ஓடும்போது விறைத்த கால்விரல்களுக்குச் சூடும் ஏறியது. டேனியல் கூசோ என்பவரின் முயற்சியால் 1902ஆம் ஆண்டு பிரான்ஸில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாப்பீஸ், தம் வெற்றிக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று கூறியதால் இதன் புகழ் பரவியது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடைபெற்றது. பெண்களுக்கான உலகப் போட்டி 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. நெதர்லாந்தின் மரியானா வோஸ் அதில் எட்டு முறை வாகை சூடியுள்ளார்.

அனைத்துலகப் போட்டிகளில் ஒரு சுற்றின் நீளம் இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். இங்கே தூரத்தைவிட நேரமே கணக்கு. ஆண்களின் முதல்நிலைப் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிக்கும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். முதலிடத்தில் இருப்பவரின் வேகத்தை வைத்து எத்தனை சுற்று என்று நடுவர்கள் கணக்கிடுவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி ஒலிக்கும். வழியில் சேறு, மணல், செங்குத்தான மேடு, படிக்கட்டு, நாற்பது சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைத் தடுப்புகள் எனப் பல சோதனைகள். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கிச் சுமந்து ஓட வேண்டியதுதான்.

எந்தச் சைக்கிள்?

முதல் பருவத்திற்கு வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும். மலைப்பாதைச் சைக்கிளைப் பல வட்டாரப் போட்டிகள் அனுமதிக்கின்றன. ஹேண்டலின் முனையில் கொம்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகளை மட்டும் கழற்றிவிட வேண்டும். நெருக்கத்தில் அவை அடுத்தவரைக் குத்தும். கப்பிச் சாலைக்கென்று வரும் கிராவல் சைக்கிளும் பொருந்தும். சாதாரணச் சாலைப் பந்தயச் சைக்கிள் மட்டும் உதவாது. அதன் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி குறைவு. ஒரே சுற்றில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

வாங்கியே தீர வேண்டுமென்றால் பழைய வண்டியைப் பார்ப்பது நல்லது. சட்டத்தில் விரிசல் இருக்கிறதா, செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சக்கரம் கோணலின்றிச் சுழல்கிறதா என்று சோதிக்க வேண்டும். தோளில் மாட்டத் தோதாகச் சட்டத்தின் நடு இடைவெளியில் கை நுழைகிறதா என்பதையும் கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடலாம். தண்ணீர்ப் புட்டி மாட்டும் கம்பி அங்கே இருந்தால் போட்டி நாளில் கழற்றிவிட வேண்டும்.

அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் இந்தப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கை 2010இல் அனுமதித்தது. அதற்கு முன் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்குகளே இருந்தன. சேற்று நீரில் விளிம்பு நனைந்தால் பிடிப்புக் குறையும். ஆகவே இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் டிஸ்க் பிரேக்கே மேல். எதுவானாலும் பிரேக் கட்டைகளைப் போட்டிக்கு முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். மணல் கலந்த சேறு அவற்றை அரம்போல் அராவிவிடும்.

காற்றில்தான் சூட்சுமம்

செலவிட வேண்டிய முதல் இடம் டயர். அனைத்துலக விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. புதியவர்களுக்கான போட்டிகளில் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்த்தப்படுகிறது. காய்ந்த புல்லுக்கு மேடு குறைந்த டயர், சேற்றுக்கு இடைவெளி விட்டு உயர்ந்த முண்டுகள் உள்ள டயர் என வகைகள் இருந்தாலும், தொடங்குபவருக்கு நடுத்தரமான ஒரு ஜோடி போதும்.

டயரைவிட முக்கியம் அதிலுள்ள காற்று. சாலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் டயரைக் கல்போல் அடித்துக்கொண்டு வருவார். அது புல்மேட்டில் துள்ளும், வளைவில் வழுக்கும். காற்றுக் குறைந்தால் டயர் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமுங்கிப் பற்றிக்கொள்ளும். டியூப் இல்லாத டயரில், எழுபது கிலோ எடையுள்ளவருக்கு இருபத்தைந்து முதல் முப்பது பவுண்டு வரை தொடக்க அளவாகக் கொள்ளலாம். டியூப் உள்ள டயரில் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். இல்லையேல் வேரிலோ கல்லிலோ மோதும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். பயிற்சியின்போது சுற்றுக்கு இரண்டு பவுண்டாகக் குறைத்து, விளிம்பு தரையில் இடிப்பதை உணர்ந்ததும் சிறிது ஏற்றிக்கொள்வது அனுபவசாலிகளின் வழி. அழுத்தம் காட்டும் சிறு கருவி ஒன்று இதற்குப் போதும். விலையுயர்ந்த சக்கரம் தராத பலனை இது தரும்.

அடுத்தது காலணி. அடியில் முண்டுகள் கொண்ட, மண்ணில் ஓடத்தக்க காலணி அவசியம். காலணியைப் பூட்டிக்கொள்ளும் பெடல் பழகாதவர் சாதாரணப் பெடலிலேயே தொடங்கலாம். தலைக்கவசம் இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்க அனுமதி கிடைக்காது.

கார்பன் சக்கரம், இரண்டாவது சைக்கிள் ஆகியவை தள்ளிப்போட வேண்டியவை. முன்னணி வீரர்கள் போட்டியின் நடுவே சேறு அப்பிய வண்டியை விட்டுக் கழுவிய வண்டிக்கு மாறுவார்கள். அங்கே கழுவித் தர ஆள் நிற்பார். அரைமணிப் போட்டிக்கு வரும் புதியவருக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை.

பணம் கேட்காத பயிற்சி

இறங்குவதும் ஏறுவதும்தான் இந்த விளையாட்டின் அரிச்சுவடி. சைக்கிளின் இடப்பக்கமாகவே இறங்க வேண்டும். செயின் வலப்பக்கம் இருப்பதால் எண்ணெயும் பல்சக்கரமும் உடலில் படாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வலக்காலைச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்து, வலக்கையால் மேல்கம்பியைப் பிடித்து, வலக்காலைத் தரையில் ஊன்றி ஓட்டமாக இறங்க வேண்டும். ஏறும்போது குதித்து அமர்வதைவிட, உட்தொடையால் சீட்டின்மேல் வழுக்கி அமர்வதே சரி. மென்மையான புல்தரையில், நடை வேகத்தில் தொடங்கி, வாரம் இரு முறை இருபது நிமிடம் பழகினால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். வேகமாக மிதிக்கத் தெரிந்து இறங்கத் தெரியாதவர், மெதுவாக மிதித்தாலும் இறங்கத் தெரிந்தவரிடம் ஒவ்வொரு தடுப்பிலும் சில விநாடிகளை இழக்கிறார்.

முதல் போட்டி நாளில்

நேரத்தோடு போய்ப் பாதையை ஒரு முறை நடந்து, இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் இறங்குவது என்று அப்போதே முடிவெடுத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் எல்லாரும் பாய்வார்கள். பின்வரிசையில் நின்று, முதல் சுற்றில் மூச்சை மிச்சப்படுத்துகிறவருக்கே கடைசிச் சுற்றில் கால் இருக்கும். முன்னணி வீரர் பின்னாலிருந்து வந்து ஒரு சுற்று முந்திச் சென்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்கோட்டில் ஓட்டி வழிவிட்டால் போதும். வட்டாரப் போட்டிகளில் பொதுவாக, முந்தப்பட்டவரும் மணி ஒலித்தபின் தம் சுற்றை முடித்துத் தமக்குரிய இடத்தைப் பெறுகிறார்.

முடிந்ததும் ஈர உடையை மாற்றிவிட்டே மற்றப் பேச்சு. குளிர்நாட்டில் வியர்வையோடு நின்றால் உடல் விரைவில் நடுங்கிப்போகும். வண்டியைக் கழுவும்போது அழுத்தக் குழாயின் நீரைச் சக்கர அச்சின்மீது பீய்ச்சக் கூடாது. உள்ளிருக்கும் மசகு வெளியேறிவிடும்.

ஒரு பருவத்தில் நான்கைந்து போட்டிகளில் கலந்துகொண்டவருக்குத் தம் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேட்டில் பின்தங்கினாரா, மணலில் நின்றாரா, பிரேக் பிடிக்கவில்லையா என்று அவரே சொல்வார். அப்போது செலவிடும் பணம் வீண்போகாது. அதுவரை நல்ல டயர் ஒரு ஜோடி, அளவான காற்று, புல்தரையில் இருபது நிமிடம் ஆகியவை போதும்.